படுக்கையறை மூலையில் ஈரம்: மாடி முழுக்கப் பூச வேண்டுமா?

கேள்வி: பெருந்துறை பக்கம் 2011-ல் கட்டிய தார்சு (கான்கிரீட் கூரை) வீடுங்க, 900 சதுர அடி. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. போன ஐப்பசி மழைக்குப் படுக்கையறை மூலையில் ஈரம் இறங்கியது, தை மாதம் காய்ந்தது. இப்போது ஒரு மழைக்கே மறுபடியும் கறை தெரிகிறது. தண்ணீர் டேங்கும் அந்த மூலைக்கு மேலேதான் இருக்கிறது. வாட்டர் புரூப் ஆள் ஒருவர் போட்டோவைப் பார்த்தே, சதுர அடிக்கு 65 ரூபாய் வீதம் மாடி முழுக்கப் பூச வேண்டும், 10 வருசம் கியாரண்டி என்கிறார். நானே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரி செய்ய முடியுங்களா? பிள்ளைகள் வேறு கொடிவேரி அணைக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள்.

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 58,500 ரூபாய்க்கு வேலை பேசுகிற ஆள் உங்கள் மாடியில் கால் வைக்கவே இல்லை. போட்டோவில் கறை தெரியும், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது தெரியாது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி. அதை நீங்களே செய்யலாம். ஆனால் ஒரு ஞாயிறு போதாது, இரண்டு வேண்டும். முதல் ஞாயிற்றில் பெரும்பகுதி காத்திருப்புதான், கொடிவேரிக்கு அன்றைக்கே போய்வரலாம்.

மாடி ஒழுகுகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தளத்தில் பழுதே இருக்காது. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் விரிசல், மழைநீர்க் குழாய் வாயில் அடைத்துக்கொண்ட சருகு, டேங்க் வால்விலிருந்து சொட்டும் தண்ணீர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். உங்கள் கறை தை மாதத்தில் காய்ந்துவிட்டது என்கிறீர்கள். டேங்க் ஒழுகினால் மழையில்லாத மாசி, பங்குனியிலும் ஈரம் இருந்திருக்கும். அதனால் எனக்கு மூலை விரிசல் மேல்தான் சந்தேகம். ஆனாலும் டேங்க்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சனிக்கிழமை இரவு எல்லோரும் படுத்த பிறகு, டேங்கிலிருந்து கீழே இறங்கும் வால்வை மூடுங்கள். ஒரு குச்சியை உள்ளே விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மோட்டார் போடும் முன் மறுபடி அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் டேங்க்கோ அதன் இணைப்போ ஒழுகுகிறது. அதற்குப் பிளம்பர் போதும்.

மட்டம் குறையவில்லை என்றால், ஞாயிறு காலை வெயில் ஏறும் முன் மாடிக்குப் போங்கள். அந்த மூலையை நன்றாகக் கூட்டி, குழாய் வாயில் இருக்கும் சருகையும் மண்ணையும் எடுங்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே மட்டும் கிள்ளாமல் வேரோடு எடுங்கள். அப்புறம் நான்கடிக்கு நான்கடி அளவில் களிமண்ணாலோ சிமெண்ட் கலவையாலோ இரண்டு விரல் உயரத்துக்கு வரப்புக் கட்டி, மூன்று வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஓர் அங்குலம் நிற்கும். மாடி முழுக்கத் தேக்கிப் பார்க்கச் சொல்வார்கள். 900 சதுர அடிக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் ஆகும், நம் ஊர் போர் தண்ணீர் நிலைமைக்கு அது பாவம். கீழே அறைக்குள் கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் ஈரம் கோட்டைத் தாண்டினால் வழி அந்த மூலைதான். தாண்டவில்லை என்றால் வரப்பைச் சற்றுத் தள்ளிக் கட்டி அடுத்த இடத்தைப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு வேலைநாள். விரிசலை உளியால் வி வடிவில் சற்று அகலமாக்கி, தூசியைப் பிரஷ்ஷால் துடைத்தெடுத்து, ஈரப்படுத்துங்கள். ஹார்டுவேர் கடையில் சிமெண்டில் கலக்கும் லேடெக்ஸ் திரவம் கிடைக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவில் சிமெண்டும் மணலும் சேர்த்துக் குழைத்து, விரிசலில் அழுத்தி நிரப்புங்கள். பிறகு தளமும் சுவரும் சேரும் இடத்தில் மூன்று விரல் உயரத்துக்குச் சரிவாகப் பூசுங்கள். மூலை கூராக இருக்கக் கூடாது, கூரான மூலையில்தான் மறுபடி வெடிக்கும். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும். மூன்று மாதம் தாண்டிய சிமெண்ட் வேண்டாம். பூசியதும் ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடி முடிந்தும் நம் பக்கம் விடுவதில்லை. அந்தக் காற்றில் பூச்சு மேலே காய்ந்து, அன்று மாலையே மயிரிழை வெடிப்பு விட்டுவிடும். இரண்டு நாள் சாக்கு ஈரமாக இருக்கட்டும், அப்புறம் காயவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மூன்று வாளியை ஊற்றிப் பாருங்கள். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி அளவுக்கே செலவாகும்.

இப்போது அந்த 10 வருச கியாரண்டிக்கு வருகிறேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி, பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று அவர் அடுத்துச் சொல்வார். நீங்களும் சரி என்பீர்கள். அந்த நிமிடமே கியாரண்டி அட்டை வெறும் காகிதமாகிவிடும். பில் இருந்தால், பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்த வேலைக்குக் கட்டணமே கிடையாது. பில் இல்லாதவர் வேலை நடந்ததையே முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். என் தங்கை வீட்டில் ஒரு ஒப்பந்தக்காரர் தளம் காயும் முன்பே பூசிவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. அட்டையில் இருந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. அவளிடம் பில்லும் இல்லை.

கமிஷன் விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் இருக்கும், சிலவற்றில் ஸ்கேன் செய்யும் குறி இருக்கும். அதற்கும் சேர்த்து விலை கொடுப்பது நீங்கள். எந்த டப்பா நல்லது என்று அவர் சொல்வதில் அந்த டோக்கனுக்கும் பங்கு உண்டு. வெயில் தாங்கும் வெள்ளைப் பெயிண்டையே ஒழுகலுக்கு மருந்து என்று விற்கிறார்கள். அது வீட்டின் சூட்டைக் குறைக்கும், விரிசலை அடைக்காது.

இதிலெல்லாம் எனக்கு ஆதங்கம் உண்டு. வீடு கட்ட வரைபட அனுமதிக்கு மக்களை மாதக்கணக்கில் அலைய வைத்தோம். சுற்றிலும் எத்தனை அடி விட்டிருக்கிறது என்று அளந்தோம். கட்டி முடித்த மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, குழாய் வாய்க்கு ஓடுகிறதா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை. தளத்துக்கு மேல் சுர்க்கி (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் படலம்) போட்டார்களா, சரிவு வைத்தார்களா என்று கேட்க ஆளில்லை. அந்த விடுபட்ட வேலைக்குத்தான் 12, 15 வருடம் கழித்து உங்களைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் யாராவது தாத்தா காலத்து வீட்டில் இருக்கலாம். அண்ணாந்து பார்த்தால் வரிசையாக மரக்கட்டைகள் தெரிந்து, அவற்றுக்கு மேல் செங்கல்லை நெட்டுக்கு அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கியிருப்பார்கள். அந்தத் தளத்தில் நான் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சிமெண்ட், லேடெக்ஸ், ரப்பர் பூச்சு எதுவும் வேண்டாம். சுண்ணாம்புத் தளம் ஈரத்தை வாங்கி வெளியே விட்டு மூச்சு விடுகிறது. வெயிலில் சற்று அசையவும் செய்கிறது. மேலே சிமெண்டைப் பூசினால் அது அசையாமல் தனியாக வெடிக்கும், வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் முனை அழுக ஆரம்பிக்கும். அது கீழிருந்து பார்த்தால் தெரியாது, கட்டை இறங்கும்போதுதான் தெரியும். சுண்ணாம்பை சுண்ணாம்பால்தான் சரி செய்ய வேண்டும். அந்த வேலை தெரிந்த வயதான கொத்தனார்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். தேடிப் பிடியுங்கள், ஒரு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டில் கூரையின் அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், தொடாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஈரம் ஃபேன் பக்கம் இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள்.

சரி, முதல் ஞாயிற்றுக்கு வருவோம். ஆறரைக்கு மாடி ஏறினால் எட்டு மணிக்குள் தண்ணீர் ஊற்றி முடித்துவிடலாம். அரிசிம்பருப்பு சாதம் கிண்டி நெய்யும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பவானி ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்தால் கொடிவேரியில் குளிக்க விடமாட்டார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே மீன் வறுவல் சுடச்சுடக் கிடைக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மத்தியானம் ஒருமுறை மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டும் முன் திரும்பி வந்து, பென்சில் கோட்டின் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள். திங்கள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை.