பழைய கரண்டி பாடாமல் போனது ஏன்?

கேள்வி: பரணில் கிடந்த பித்தளைக் கரண்டிகள், இரும்புச் சாவிகள், உடைந்த சரவிளக்கின் கண்ணாடித் துண்டுகள் எல்லாவற்றையும் கோத்து, காற்றில் ஒலிக்கும் காற்றுமணியாக வாசலில் தொங்கவிட்டேன். ஆறே மாதத்தில் நூல் அறுந்துவிட்டது. சாவிகள் துருப்பிடித்துச் சுவரில் கறை விட்டன. கரண்டிகளோ காற்றடித்தால் 'டொக்' என்கின்றனவே தவிர ஒலிப்பதில்லை. மறுபடி செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். நீங்கள் எடுத்த பொருட்களில் குறையில்லை, கட்டிய விதத்தில்தான் குறை.

ஒலியிலிருந்து தொடங்குகிறேன். தட்டினால் உலோகம் முழுவதும் ஒரே மாதிரி அதிராது. சில இடங்கள் அசையாமல் நிற்கும். அங்கே கட்டினால் அதிர்வு தடைபடாது, மற்ற இடத்தில் கட்டினால் நூலே அதை அமுக்கிவிடும். ஒரே சீரான குழாய்க்கு அந்த இடம் நுனியிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 22.4 சதவீதம் தள்ளி இருக்கும். 50 செ.மீ. குழாயென்றால் 11.2 செ.மீ. தட்டும் கட்டை குழாயின் நடுவில் படவேண்டும். கரண்டிக்குக் கணக்கு உதவாது, ஏனென்றால் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் பிடி. அதனால் பிடியை இரு விரலால் லேசாகப் பிடித்து, இன்னொரு கரண்டியால் தட்டிப் பாருங்கள். விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். எங்கே பிடித்தால் ஒலி நெடுநேரம் நிற்கிறதோ, அங்கே பேனாவால் புள்ளி வையுங்கள். பெரும்பாலோர் அழகுக்காகப் பிடியின் ஓரத்திலேயே துளை போட்டுவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்!

துளை போடுமுன் ஆணியால் ஒரு சிறு பள்ளம் தட்டிக்கொண்டால் டிரில் வழுக்காது. வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எவர்சில்வர் கரண்டியில் வேகமாக ஓட்டினால் அந்த இடம் சூடேறி இறுகிவிடும், பிறகு டிரில் முனை இறங்காது. ஞாபகார்த்தமான பொருளென்றால் துளையே வேண்டாம், கம்பியைச் சுற்றிக் கட்டுங்கள். போட்ட துளையை மூட முடியாது.

நூல் அறுந்ததற்கு வெயிலும் மழையும் பாதிக் காரணம். பருத்தி நூல் நனைந்து நனைந்து மக்கும். தங்கூசி எனப்படும் நைலான் நரம்பு வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். பின்னிய பாலியஸ்டர் கயிறு இரண்டையும்விட நின்று உழைக்கும். மீதிக் காரணம் துளையின் விளிம்பு. அது கத்தி மாதிரி நூலை அறுக்கும். அரத்தால் மழுக்கிவிட்டு, ஒரு சிறு வளையம் மாட்டி, வளையத்தில் கயிற்றைக் கட்டுங்கள். உச்சியில் தூண்டிலுக்குப் போடும் சுழல் கொக்கி ஒன்று இருந்தால் கயிறு முறுக்கிக்கொள்ளாது.

சாவிகளை எதில் கட்டினீர்கள் என்று எழுதவில்லை. செப்புக் கம்பியாக இருந்தால் துருவுக்கு அதுவும் ஒரு காரணம்தான். இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டு நனைந்தால் இரும்பு வழக்கத்தைவிட விரைவாகத் துருப்பிடிக்கும். சாவிகளை ஓரிரவு வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, மெழுகு பூசுங்கள். அப்படியும் சில மாதங்களுக்கு ஒருமுறை பூசவேண்டியிருக்கும். அதற்குப் பொறுமையில்லையென்றால் சாவிகளை வீட்டுக்குள் தொங்கவிடுவதே மேல். பித்தளை கறுத்தால் விட்டுவிடுங்கள். எனக்கு அந்த நிறம்தான் பிடிக்கும்.

சரவிளக்குத் துண்டுகளில் துளை ஏற்கெனவே இருக்கும், வேலை மிச்சம். ஆனால் உருண்டையான தடித்த கண்ணாடி வெயிலைக் குவிக்கும். காய்ந்த சருகுக்கோ திரைச்சீலைக்கோ அருகில் மாட்டாதீர்கள். பழைய பெயின்ட் உரியும் தகரப் பொருள் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அக்காலப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும்.

மேலே முடிச்சுப் போடாமல் கொக்கியில் மாட்டுங்கள். பெருங்காற்று வருகிறது என்று தெரிந்ததும் கழற்றி உள்ளே வைக்க அரை நிமிடம்கூட ஆகாது.