இட்லியும் மல்லாட்டையும் நிறுத்தினால் கரப்பான் போய்விடுமா?

கேள்வி: என் 5 வயது மகளுக்கு எக்சிமா (கரப்பான்) இருக்கிறது. சாப்பாட்டில் உள்ள பூஞ்சை நச்சுதான் காரணம், அதுதான் எதிர்ப்பு சக்தியைக் கெடுக்கிறது என்று சொல்லி நிலக்கடலை, இட்லி, தயிர், சோளம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? சிறுநீரில் பூஞ்சை நச்சு பார்க்கும் பரிசோதனை எடுக்கலாமா?

பதில்:

நிறுத்தாதீர்கள். மருத்துவர் கொடுத்த களிம்பையும் நிறுத்தாதீர்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் இரண்டையும் நிறுத்தியவள்.

5 வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கு 4 வயது. முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் கரப்பான். ராத்திரி தூக்கத்திலேயே சொறிவான், விடிந்து பார்த்தால் விரிப்பில் ரத்தப் பொட்டு இருக்கும். என் பழைய சாக்ஸை இரண்டு கையிலும் மாட்டிப் படுக்க வைப்பேன். அதைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுச் சொறிவான். அந்த நிலைமையில் இருக்கும் அம்மாவிடம் யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவாள். நானும் செய்தேன். ஒரு காணொளியில் உங்களுக்குச் சொன்ன இதே பட்டியல்தான் வந்தது. கூடவே, களிம்பு போட்டால் நச்சு உடம்புக்குள்ளேயே தங்கிவிடும் என்றும் சொன்னார்கள்.

6 வாரம். இட்லி இல்லை, தயிர் இல்லை, மல்லாட்டை (நிலக்கடலை) உருண்டை இல்லை. பிள்ளை கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ இளைத்தான். முழங்கையில் நீர் கசிந்து, தேன் நிறத்தில் பொருக்கு கட்டி, காய்ச்சலும் வந்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். சொறிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "நீங்க பயந்தது ஒண்ணும் இல்லாத விஷயம் இல்லம்மா. பூஞ்சை விஷம் நிஜம். ஆனா இவன் முழங்கையில இருக்கறது அது இல்ல."

அந்த இரண்டு வாக்கியமும் மனசில் தங்கிவிட்டன. அதன் பிறகு நிறையப் படித்தேன். இங்கே எழுதுவது அதிலிருந்துதான். நான் மருத்துவர் இல்லை, மல்லாட்டை விளைகிற வீட்டில் பிறந்தவள்.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். காயை உடைத்த பிறகு ஆயா திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை நாள் எழுந்திருக்க மாட்டாள். நல்ல பருப்பு ஒரு பக்கம், சூம்பியது, ஓட்டை விழுந்தது, தோல் கறுத்தது இன்னொரு பக்கம். சில பருப்பு வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிட்டால் இரண்டு பாதிக்கும் நடுவில் மஞ்சளும் பச்சையுமாக மாவு பூத்திருக்கும். தெரியாமல் கடித்துவிட்டால் நாக்கின் அடி வரை கசக்கும். "கசந்தா முழுங்காத, துப்புடி" என்பாள் ஆயா. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நச்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் செய்தது சரியான வேலை. இந்த நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, கெட்டுப்போன கொஞ்சம் பருப்பில்தான் பெரும்பகுதி குவிந்திருக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டாலே பெரும் பகுதி போய்விடும். வேகவைத்தாலோ வறுத்தாலோ போய்விடாது, சமையல் சூட்டை அது தாங்கும்.

சரி, இந்த நச்சு என்ன செய்யும்? 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம், தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கு. அதைத் துருவிப் பார்த்தபோதுதான் அஃப்ளடாக்சின் அடையாளம் தெரிந்தது. நம் நாட்டிலேயே 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்ட 397 பேர் கல்லீரல் கெட்டு நோயில் விழுந்தார்கள், 106 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் வேறு வழியில்லாமல் அதைத் தின்ற ஏழைகள். அதனால் "பூஞ்சையெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இது முதலில் தாக்குவது கல்லீரலை. அளவு கூடினால் உடனே, குறைவாக வருடக்கணக்கில் உள்ளே போனால் புற்றுநோயாக.

எதிர்ப்பு சக்திக்கு வருவோம். காம்பியா நாட்டில் குழந்தைகளின் ரத்தத்தில் அஃப்ளடாக்சின் தடம் பார்த்தார்கள். தடம் இருந்த குழந்தைகளுக்கு, வாய் வழியாக வரும் கிருமிகளைத் தடுக்கிற ஐஜிஏ என்ற புரதம் எச்சிலில் குறைவாக இருந்தது. கானாவில் பெரியவர்களிடம் பார்த்தபோது, நச்சு அதிகம் சேர்ந்தவர்களுக்குக் கிருமி புகுந்த செல்லைத் துளைத்துக் கொல்லும் பெர்ஃபோரின் உள்ள வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன. தினமும் கடலையும் மக்காச்சோளமும்தான் சாப்பாடு என்று இருக்கிற இடங்கள் அவை. ஆக, எதிர்ப்பு சக்தியைத் தொடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

தோலைத் தொடுமா என்றால், அதற்கும் ஒரு பயங்கரமான சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் யூனியனின் ஓரன்பர்க் பகுதியில் அறுவடைக்கு ஆள் இல்லை. பனிவரகும் கோதுமையும் குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்தன. பசியில் இருந்த மக்கள் வசந்தத்தில் அதைப் பொறுக்கி ரொட்டி சுட்டார்கள். ஃபியூசேரியம் பூஞ்சை அதில் டி-2 என்ற நச்சை உண்டாக்கியிருந்தது. முதலில் வாயும் தொண்டையும் எரிந்தன. பிறகு சில வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உள்ளே வெள்ளை அணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. அதன் பிறகு தோலில் சிவப்பும் ஊதாவுமாக ரத்தப் புள்ளிகள், தொண்டையில் அழுகல், மரணம். 1944இல் அது உச்சத்தில் இருந்தது. இந்த வகை நச்சைத் தோலில் நேரடியாகத் தடவினாலும் புண்ணாகும். தானியத்தில் இது இருக்கிறதா என்று பார்க்க முயல் தோலில் தடவிச் சோதித்த காலம்கூட உண்டு.

ஆனால் ஓரன்பர்க்கில் நடந்தது எக்சிமா இல்லை. எலும்பு மஜ்ஜை செத்து, ரத்தம் கசிந்த நோய் அது. நம் பிள்ளைகளின் கரப்பான் கிட்டத்தட்ட எதிர்த்திசையில் இருக்கிறது. எக்சிமாவிலும் சொரியாசிஸிலும் எதிர்ப்பு சக்தி குறைவதில்லை. தேவையில்லாத இடத்தில், தேவையில்லாத வேகத்தில் வேலை செய்கிறது. பல எக்சிமா குழந்தைகளுக்குத் தோலின் மேல்சுவரே பிறவியிலேயே தளர்வு. 2006இல் ஃபிலாக்ரின் என்ற மரபணுவில் உள்ள கோளாறு அதற்கு ஒரு பெரிய காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஓட்டைச் சுவர் வழியாக ஈரம் வெளியே போகிறது, தூசும் கிருமியும் உள்ளே வருகின்றன, உடம்பு எகிறுகிறது. மருத்துவர் கொடுக்கிற களிம்பு அந்த எகிறலை அடக்கத்தான். "எதிர்ப்பு சக்தி குறைந்ததால் கரப்பான், அதனால் எதிர்ப்பு சக்தியை ஏற்றுங்கள்" என்று சொல்பவர் இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறார்.

ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகமே இல்லையா? இருக்கிறது, அது நியாயமானதும்கூட. கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் வரும் டியாக்சிநிவலெனால் என்ற நச்சு, குறைந்த அளவில் அழற்சியைக் கிளறிவிடும், அதிக அளவில் வெள்ளை அணுக்களைக் கொல்லும். குடலின் உட்சுவரில் செல்களுக்கு நடுவே உள்ள பிடிப்பையும் தளர்த்தும், பன்றிகளில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். குடல் சுவர் தளர்ந்தால் அழற்சி நோய்கள் கிளம்புமோ என்று கேட்பது சரியான கேள்விதான். ஆனால் எலியிலும் பன்றியிலும் எழுந்த கேள்வியை வைத்து உங்கள் மகளின் தட்டிலிருந்து இட்லியை எடுக்க முடியாது.

இட்லி பற்றி ஒரு வார்த்தை. மாவு புளிப்பது பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாவால். தயிரும் அப்படித்தான். இரண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் சம்பந்தம் இல்லை. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்த மாவு என்றால் அது வேறு, சுரண்டி எடுக்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். அப்புறம் படர்தாமரை. அது பூஞ்சையே தோலில் வந்து குடியிருப்பது, சாப்பாட்டு நச்சோடு அதைக் குழப்பக் கூடாது. எக்சிமாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரைக்குப் போட்டால் அது இன்னும் பரவும். அதனால் எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

பூஞ்சை பிடித்த தானியத்தால் தோல்நோய் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மக்காச்சோளம் மட்டுமே சாப்பிட்ட ஏழைகளுக்கு வெயில் படும் இடமெல்லாம் தோல் வெடித்து உரியும். பெலக்ரா என்று பெயர். கெட்டுப்போன சோளத்தில் உள்ள விஷம்தான் காரணம் என்று பெரிய பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். அந்த விஷத்தைத் தேடி 1893இல் பார்த்தலோமியோ கோசியோ என்பவர் சோளத்துப் பூஞ்சையிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பெலக்ராவுக்குக் காரணம் அது இல்லை. சத்துக் குறைவுதான் காரணம் என்று அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் காட்டினார், அந்தச் சத்து நியாசின் என்று 1937இல் தெளிவானது. விஷத்தைத் தேடிய வருடங்களில் அந்த ஏழைகளுக்குத் தேவைப்பட்டது நல்ல சாப்பாடு. என் பிள்ளை இளைத்துப்போன அந்த 6 வாரத்தை நினைக்காமல் இதை என்னால் படிக்க முடியவில்லை.

கோசியோ பிரித்த அந்த அமிலம்தான் மைக்கோஃபினாலிக் அமிலம். அது எதிர்ப்பு சக்தியை அடக்கும். இன்றைக்கு உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கும், எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ் நோயாளிகளுக்கும், சில நேரம் கடுமையான எக்சிமாவுக்கும் அதிலிருந்து வந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். சொரியாசிஸுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரினும் பூஞ்சையிலிருந்து வந்ததுதான். பூஞ்சைப் பொருள் எதிர்ப்பு சக்தியைத் தொட்டால் கரப்பான் கிளம்பும் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கரப்பான் உள்ள குழந்தைக்குக் கடலையைப் பயந்து தள்ளிவைப்பதே ஆபத்தாக முடியலாம். 2015இல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், கடுமையான எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளைப் பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்தே கடலை சாப்பிட்டவர்களைவிட, தவிர்த்த குழந்தைகளுக்குத்தான் 5 வயதில் கடலை ஒவ்வாமை பல மடங்கு அதிகமாக வந்தது. உங்கள் மகள் இத்தனை நாள் தொந்தரவு இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சாப்பிடட்டும். கடலை தின்ற சில நிமிடத்தில் உதடு வீங்குவது, தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் என்றால் அது ஒவ்வாமை. அதை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூஞ்சை நச்சைக் குறைக்க நான் வீட்டில் செய்வது கல்லீரலுக்காக, தோலுக்காக இல்லை. கடலையை உடைத்த பருப்பாகக் கொஞ்சமாக வாங்குகிறேன், முறத்தில் கொட்டிப் பொறுக்குகிறேன், மூடி இறுகிய டப்பாவில் வைக்கிறேன். சிக்கு வாடை வந்தால் வாங்குவதில்லை. மிளகாயைக் காம்போடு வாங்கி வெயிலில் காய வைத்து அரைக்கிறேன், மிளகாயிலும் இந்த நச்சு வரும். ஆயா ஒதுக்கிய சொத்தைப் பருப்பு செக்குக்குத்தான் போனது, புண்ணாக்கு மாட்டுக்குப் போனது. அது பாலில் திரும்பி வரும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 5.7 சதவீதத்தில், பாலில் வரும் அதன் வடிவமான அஃப்ளடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 551 மாதிரியில் 88. இதை நீங்களும் நானும் அடுப்படியில் சரிசெய்ய முடியாது. தீவனத்தைக் காய வைப்பதிலும் சோதிப்பதிலும்தான் சரிசெய்ய முடியும், அதை அரசிடம் கேட்க வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். தானியம் சாப்பிடுகிற ஆரோக்கியமான மனிதர்கள் சிறுநீரிலும் இந்த நச்சுகளின் தடம் கொஞ்சம் இருக்கும். எந்த அளவு வந்தால் எக்சிமா என்று சொல்ல எந்தக் கோடும் இல்லை.

அந்தப் பணத்துக்கு நல்ல ஈரப்பசைக் களிம்பு பெரிய டப்பாவாக வாங்குங்கள். குளித்து 3 நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே உடம்பு முழுக்கத் தடவுங்கள். மகளின் எடையை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எங்காவது தேன் நிறப் பொருக்கோ, சூடோ, சீழோ தெரிந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். நான் 4 நாள் தாமதித்தேன்.