பதுக்கலும் இருப்பும்

வணக்கம் ஐயா,

கடலூர் கூத்தப்பாக்கத்தில் வசிக்கிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன், ‘எறும்பு மழைக்காலத்துக்காக உணவைப் பதுக்குகிறது’ என்று கட்டுரையில் எழுதியிருந்தான். தமிழாசிரியை அதை அடித்துவிட்டுச் ‘சேமிக்கிறது’ என்று திருத்தியிருக்கிறார். அதே வாரத்தில் புயல் எச்சரிக்கை வந்ததால் அரிசி மூட்டை, மெழுகுவத்தி, பால் பவுடர் எல்லாம் வாங்கி வந்தேன். என் மாமியார், “கடையையே கொண்டாந்து பதுக்கிட்டியா?” என்று கேட்டார். நிறையச் சேர்த்து வைப்பதுதானே பதுக்கல்? ஆசிரியை திருத்தியது சரியா, மாமியார் சொன்னது சரியா?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியை திருத்தியது சரி. பதுக்கல் என்ற சொல்லுக்குள் அளவு என்பதே கிடையாது. ஒதுங்கு–ஒதுக்கு, முடங்கு–முடக்கு, அடங்கு–அடக்கு ஆகிய இணைகளைப் போன்றதுதான் பதுங்கு–பதுக்கு. தான் மறைவது பதுங்குதல், இன்னொன்றை மறைய வைப்பது பதுக்குதல். தீபாவளிக்கு முன்பே தீர்ந்துவிடும் என்று பயந்து முறுக்கு டப்பாவைப் பரணில் ஏற்றிவிடும் தாய், அதில் இருபது முறுக்குதான் இருக்கிறது என்றாலும் பதுக்குகிறாள். யார் கண்ணிலிருந்து என்று கேட்டால் விடை கிடைக்கும் இடத்தில்தான் அந்த வினை பொருந்தும். எறும்பு தன் கூட்டத்தாரிடமிருந்து எதையும் மறைப்பதில்லை. எலும்பைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்க்கும் நாயைப் பற்றி உங்கள் மகன் எழுதியிருந்தால், ஆசிரியையின் சிவப்பு மை அங்கே விழுந்திருக்காது.

இந்தச் சொல்லின் குடும்பத்தில் குவியலுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ‘அம்புவிட வீழ்ந்தோர் வம்பப் பதுக்கை’ என்று புறநானூற்றின் மூன்றாம் பாடலில் வருகிறது. வழிப்பறிக் கள்வரின் அம்பு பட்டு இறந்தவர்களின் உடல்மேல் புதிதாகக் குவித்த கற்களே அந்தப் பதுக்கை. அங்கேயும் மூடுவதற்காகவே குவித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்றைய வழக்கில் கற்குவியல் போய்விட்டது, மூடுவது மட்டும் தங்கிவிட்டது.

ஓர் ஆண்டுச் சாப்பாட்டுக்கான நெல்லை வீட்டுக்குள் வைத்திருந்த காலத்தில்கூட, நெல்லைக் குதிரில் கொட்டினார்கள், பத்தாயத்தில் போட்டார்கள், வைக்கோல் பிரி சுற்றிச் சேர் கட்டினார்கள் என்றுதான் சொன்னார்களே தவிர, பதுக்கினார்கள் என்று சொன்னதில்லை. (குதிரில் பதுங்கியவர் என்று தமிழுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான், ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று பிள்ளை காட்டிக்கொடுத்த அந்தத் தகப்பன்.)

வீட்டுப் பேச்சில் இதற்கெல்லாம் நல்ல வினைகள் இருக்கின்றன. மாதச் சாமான் என்றால் ‘வாங்கிப் போட்டாச்சு’ என்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தை நினைத்து வாங்கும் கருவாட்டைப் ‘போட்டு வச்சிருக்கோம்’ என்போம். கடைக்காரர் ‘ஸ்டாக்’ என்பார். ரேஷன் கடைப் பலகையில் அதுவே ‘இருப்பு’ என்று எழுதியிருக்கும். எதற்கும் உதவாத ஜவுளிக்கடைப் பைகளையும் காலி பாட்டில்களையும் சேர்ப்பதற்கு ‘அடைத்து வைத்தல்’ என்ற பெயர் போதும். சேமிப்பு என்பது பேச்சில் பெரும்பாலும் பணத்தோடும் தண்ணீரோடும் நின்றுவிடுகிறது. ‘அரிசி சேமித்தேன்’ என்று யாராவது சொன்னால் காதுக்குச் சற்று விநோதமாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்தில் தானியத்துக்கும் அச்சொல் செல்லும். தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் என்ற பெயரே சான்று. எறும்புக்கு ஆசிரியை அதைக் கொடுத்ததில் குறையில்லை.

அப்படியானால் நிறைய வைத்திருப்பதே பதுக்கல் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? சட்டமும் செய்தித்தாளும் சேர்ந்து கொடுத்தது அது என்பது என் கருத்து. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் அரசுக்குத் தரும் அதிகாரங்களில், பொருளைச் சேர்த்து வைப்பதை ஒழுங்குபடுத்துவது ஒன்று. வழக்கமாக விற்பனைக்கு வைக்கும் பொருளை விற்காமல் நிறுத்தி வைப்பதைத் தடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் நம் சொல்லின் பொருளுக்கு நெருக்கமானது. ஆனால் ஒரு வணிகர் மனத்தில் என்ன இருந்தது என்று நிரூபிப்பதைவிட அவர் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணுவது எளிது. 2023 ஜூனில் கோதுமைக்கு வரம்பு விதித்தபோது மொத்த வணிகருக்கு 3,000 டன், சில்லறைக் கடைக்கு 10 டன் என்று அரசு எண்ணில்தான் சொன்னது. வரம்பை மீறிய மூட்டைகள் கதவு திறந்த கிடங்கில் எல்லோரும் பார்க்கும்படி கிடந்தாலும், மறுநாள் தலைப்பு ‘பதுக்கல்’ என்றே வரும். அந்த வரம்புகள் வணிகர்களுக்கும் ஆலைகளுக்கும் உரியவை. உங்கள் சமையலறை அவற்றில் வராது.

இனி உங்கள் மாமியார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறி, மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊரில் ஒரு குடும்பத் தலைவி அரிசியும் மெழுகுவத்தியும் வாங்கி வைப்பதைப் பதுக்கல் என்பது சொல்லளவில் தவறு. ‘மெழுகுவத்தி தீர்ந்துபோச்சு’ என்று கையை விரித்துவிட்டு, விலை ஏறியதும் பின்னறையிலிருந்து பெட்டியை எடுக்கும் கடைக்காரருக்கே அந்தச் சொல் உரியது. ஆனாலும் உங்கள் மாமியாரின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கலாம். தெருவில் இருப்பது ஒரே கடை, அதில் இருந்த பால் பவுடர் முழுவதையும் ஒருவரே எடுத்து வந்தால், எதையும் ஒளிக்காமலேயே அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இல்லாமல் செய்துவிட முடியும். முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் அத்தியாவசியப் பொருட்களாக மத்திய அரசு அறிவித்த 2020 மார்ச்சில் இரண்டு வகையினரையும் பார்த்தோம். பதுக்கியவர்களும் இருந்தார்கள், வாரிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

நீங்கள் எத்தனை பாக்கெட் வாங்கினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கடையில் மிச்சம் இருந்ததென்றால், ‘வாங்கிப் போட்டிருக்கேன் அத்தை’ என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், அவர் கேட்டிருக்க வேண்டியது ‘கடையையே வாரிக்கிட்டு வந்துட்டியா?’ என்பது.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து