வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டடக்கலையை எப்படி அறிமுகப்படுத்தலாம்?

ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, அவர்களுடைய வீட்டையே அளந்துவரச் சொல்லுங்கள். புகழ்பெற்ற கட்டடங்களின் படங்கள் பிறகு வரட்டும்.

நான் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவள். அப்பா மேசன். மூலைமட்டமும் தூக்குக்குண்டும் எங்கள் வீட்டு மூலையிலேயே கிடந்தன. அவற்றுக்கும் ஒரு பட்டப்படிப்புக்கும் உறவு உண்டென்று பாடசாலையில் எவரும் சொல்லவில்லை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு, துறைக்கேற்ற இயல்பான திறனைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும் என்பதே எனக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவந்தது. விரிவுரைகளோ ஆங்கிலத்தில். முற்றம், விறாந்தை என்று பிறந்தது முதல் அறிந்தவற்றை வேறு பெயர்களில் புதிதாகக் கற்றேன்.

இப்போது சனிக்கிழமைகளில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுடன் உட்காருகிறேன். சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு கட்டம் ஓர் அடி. தமிழில்தான் பேசுகிறோம்.

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே அறைக்கு இரண்டு வரைபடங்கள் கொண்டுவந்தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. பகல் படத்தில் ஜன்னலோரம் அம்மாவின் தையல் இயந்திரம். இரவுப் படத்தில் அது சுவரோடு ஒதுங்கியிருந்தது, நான்கு பாய்கள். கதவு திறக்கும் வளைவைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அதற்கு மேல் திறந்தால் தம்பியின் தலையில் இடிக்கும் அக்கா" என்றாள். இந்தப் பிள்ளைக்கு இடத்தைப் பற்றி நான் எதைப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பது? தொடர்மாடி வீடுகளை வரைகிறவர்களில் எத்தனை பேர் பாயில் படுத்து வளர்ந்தவர்கள்?

1950களின் இறுதியில் கண்டி வட்டாபுளுவ வீடமைப்புத் திட்டத்துக்காக இலங்கையின் முன்னோடிப் பெண் கட்டடக்கலைஞரான மினெட் டி சில்வா, குடிவரப்போகிறவர்களிடம் படிவம் கொடுத்து அவர்களுடைய தேவைகளைக் கேட்டறிந்தே வீடுகளை வடிவமைத்தார். அதைச் சொன்னதும் பிள்ளைகளும் பக்கத்து வீடுகளில் கேட்கக் கேள்விகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் புறக்கோட்டை சிவப்புப் பள்ளிவாசலுக்கு நடந்து போனோம். 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்த ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை முறையாகக் கட்டடக்கலை பயின்றவர் அல்லர். அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடுகளைப் பிள்ளைகள் வெயிலில் நின்றபடி நெடுநேரம் வரைந்தார்கள்.

பதினான்கு வயதுக்குள் தொடங்கிவிடுங்கள். உளச்சார்புப் பரீட்சையைப் பற்றியும் அப்போதே, பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அந்தச் சிறுமியின் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பெண்பிள்ளை இதைப் படிக்கலாமா?" என்பதுதான். மினெட் டி சில்வாவின் படத்தை அவருக்குக் காட்டினேன்.