வாத்துக் குரலுக்கு 25,000 ரூபாவா?

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அமெச்சூர் வானொலிப் பரீட்சை (பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் கதைப்பதற்கான பரீட்சை) எழுதி, அழைப்புக்குறியும் (வானொலியில் ஆளின் அடையாளப் பெயர்) கிடைத்து, கொழும்பில் ஒருவரிடம் பாவித்த எச்எஃப் செட் (சிற்றலையில் கேட்கவும் கதைக்கவுமான கருவி) ஒன்றை வாங்கி வந்து, முற்றத்துப் பனைக்கும் வேம்புக்கும் நடுவே அன்ரனாவும் கட்டிவிட்டார். 40 மீற்றர் என்ற அலைவரிசைப் பட்டையில் ஆட்கள் கதைப்பது கேட்கிறது. ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. "தண்ணிக்குள்ள வாத்துக் கத்துற மாதிரி இருக்கு ஐயா. சத்தம் கூடுற இடத்தில கொண்டுபோய் நிப்பாட்டினாலும் அதே வாத்துத்தான்" என்கிறார். ரவுணில் செட் திருத்தும் ஒருவரிடம் காட்டினாராம். அவர் மூடியைக்கூடக் கழற்றாமல், வேண்டிய அலையை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் போய்விட்டது, சிங்கப்பூரிலிருந்து எடுக்கவேண்டும், 25,000 ஆகும் என்றிருக்கிறார். கொடுக்கலாமா என்பது தம்பியின் கேள்வி.

கொடுக்காதீர்கள். மூடியைத் திறக்காமல் ஃபில்டரைக் கண்டுபிடிக்கிற ஆளிடம் ஃபியூஸ் மாற்றக்கூடக் கொடுக்கக்கூடாது.

முதலில் செட்டின் முகப்பைப் பாருங்கள். அலைவரிசை எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எழுத்துக் குறி இருக்கும். எல்எஸ்பி, யூஎஸ்பி, சீடபிள்யூ, ஏஎம், எஃப்எம் என்று ஏதோ ஒன்று. இதுதான் மோட், அதாவது கதையை அலையில் ஏற்றும் முறை. அதில் யூஎஸ்பி என்று இருக்குமானால் உங்கள் வாத்து அங்கேதான் இருக்கிறது. அமெச்சூர் வழக்கப்படி 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே குரலில் கதைப்பவர்கள் எல்எஸ்பியில் கதைப்பார்கள், அதற்கு மேலே யூஎஸ்பியில். 40 மீற்றர் என்றால் நம் பகுதியில் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆகவே எல்எஸ்பி. 20 மீற்றர் 14இல் இருக்கிறது, ஆகவே யூஎஸ்பி. ஏன் இப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். இப்போதைக்கு, வீதியில் இடப்பக்கம் போவது போல ஒரு வழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மோட் பட்டனை அழுத்தி எல்எஸ்பிக்கு மாற்றுங்கள். பாதிப் பேருடைய "பழுது" இதோடு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியில் இருக்கிறது: சத்தம் கூடுகிற இடத்தில் நிப்பாட்டினேன்.

இது நம் எல்லோருக்கும் வன்னியில் பழகிய கை. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டவர்கள் நாங்கள். அந்த ரேடியோவில் குமிழைத் திருகி, உரத்துக் கேட்கும் இடத்தில் விட்டுவிட்டால் போதும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் குரல் குரலாகத்தான் இருக்கும். காரணம், அது ஏஎம். நிலையம் ஒலியை மட்டும் அனுப்புவதில்லை. நடுவில் ஒரு ஊன்றுகோல் போலத் தாங்கி அலை ஒன்றையும், அதன் இரண்டு பக்கத்திலும் ஒலியின் இரண்டு பிரதிகளையும் அனுப்புகிறது. உங்கள் ரேடியோ அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு நடக்கும்.

எல்எஸ்பி, யூஎஸ்பி இரண்டுக்கும் பொதுப்பெயர் எஸ்எஸ்பி. எஸ்எஸ்பியில் அந்தக் கோலையும் எடுத்துவிடுகிறார்கள், ஒரு பக்கத்துப் பிரதியையும் எடுத்துவிடுகிறார்கள். இருக்கிற சக்தி எல்லாம் மிஞ்சிய ஒரு பக்கத்துக்கே போகும். மிஞ்சியது கீழ்ப்பக்கம் என்றால் எல்எஸ்பி, மேல்பக்கம் என்றால் யூஎஸ்பி. 100 வாட் செட்டும் ஒரு துண்டு வயரும் வைத்துக்கொண்டு கடல் கடந்து கதைக்க முடிவது அதனால்தான். ஆனால் எடுத்துவிட்ட கோலை யார் திரும்பவும் நாட்டுவது? உங்கள் செட். எந்த இடத்தில் நாட்டுவது? நீங்கள் குமிழைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தில். 200, 300 ஹெர்ட்ஸ் தள்ளி நாட்டினால் குரலின் ஒவ்வொரு ஓசையும் அவ்வளவால் தள்ளிப்போகும். தள்ளினாலும் சத்தம் குறையாது, குரல்தான் கெடும். ஆகவே எஸ்எஸ்பியில் காது தேடவேண்டியது சத்தத்தை அல்ல, மனிதக் குரலை. எதிர்ப்பக்க மோடில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். மெல்லிய ஓசை தடித்தும் தடித்த ஓசை மெலிந்தும் வரும். எவ்வளவு திருகினாலும் அது குரலாகாது.

இனிக் கை வேலை. எல்எஸ்பியில் வையுங்கள். குமிழின் படியை (ஒரு நகர்வுக்கு எண் மாறும் அளவை) 1 கிலோஹெர்ட்ஸுக்கு வைத்து 7.050க்கும் 7.150க்கும் இடையில் மெல்லப் போங்கள். காலை நேரத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். கிளிநொச்சியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், 40 மீற்றருக்குப் பகலில் தோதான தூரம். கதை கேட்டதும் நில்லுங்கள். படியை 10 ஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள். சில செட்டில் இதற்குத் தனிப் பட்டன், சிலவற்றில் ஃபாஸ்ட் என்ற பட்டனை அணைக்கவேண்டும். இப்போது குமிழை எண் கூடும் பக்கம் கொஞ்சம் திருகுங்கள். குரல் கீச்சென்று மெலியும், சுண்டெலி கதைப்பது போல. அங்கிருந்து எண் குறையும் பக்கம் மெல்ல மெல்ல வாருங்கள். கீச்சு இறங்கும், சிறுபிள்ளைக் குரலாகும், பிறகு ஆளின் குரல் வரும். அதற்கும் கீழே போனால் பானைக்குள் இருந்து உறுமுவது போலாகும். அந்த உறுமலைத் தொட்டுவிட்டு ஒரு நூல் திரும்பி வாருங்கள். அதுதான் இடம். யூஎஸ்பியில் இதே வேலை, திசை மட்டும் எதிர்: எண் குறையும் பக்கம் கீச்சு, கூடும் பக்கம் உறுமல். அவசரப்படாதீர்கள். அந்தக் குமிழைப் பெரிதாகச் செய்து, விரல் வைக்கப் பள்ளமும் வைத்திருப்பது நூல் நூலாக நகர்த்தத்தான்.

ஒரு விலக்கை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் இதில் விழுந்தவர்கள்தான் பிறகு என்னிடம் வந்து, "10க்குக் கீழே எல்எஸ்பி என்று சொன்னீர்களே" என்று சண்டை பிடிக்கிறார்கள். 7.074இல் போனால் பல பேர் ஒன்றாகச் சீழ்க்கை அடிப்பது போல ஒரு இரைச்சல் கேட்கும். 15 செக்கனுக்கு ஒரு தடவை நின்று நின்று வரும். அது எஃப்டி8. ஆட்களுக்குப் பதில் கணினிகள் கதைக்கின்றன. 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் கொண்டுவந்த முறை. இந்த டெய்லர் 1993இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய அதே டெய்லர்தான். எஃப்டி8ஐ எந்த அலைவரிசையிலும் யூஎஸ்பியில்தான் வைக்கவேண்டும், 40 மீற்றரிலும் அப்படித்தான். எண் 7.074 என்று காட்டினாலும் அந்தச் சீழ்க்கைகள் உண்மையில் இருப்பது அதற்கு மேலே, 7.077 வரை. நீங்கள் எல்எஸ்பியில் நின்றால் செட் 7.074க்குக் கீழ்ப்பக்கத்தை எடுத்துக் கொடுக்கும். கணினித் திரையில் ஒன்றும் வராது. வராதவுடன் கேபிளை மாற்றுவார்கள், சவுண்ட் கார்ட் மாற்றுவார்கள், வின்டோஸை அழித்துத் திரும்பப் போடுவார்கள். ஒருவர் மடிக்கணினியையே மாற்றினார்! மோட் பட்டனை மட்டும் யாரும் தொடுவதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. இரவு எஃப்டி8 விளையாடிவிட்டு யூஎஸ்பியில் அணைத்துப் படுத்தால், காலையில் 7.090க்கு வந்து கேட்கும்போது செட் சில வேளை அதே யூஎஸ்பியில் எழும்பும். அப்போது கேட்பது என்ன? வாத்து. தம்பி, உங்களுக்கு விற்றவர் எஃப்டி8 அடித்துக்கொண்டிருந்த ஆளாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

இன்னொன்று. எல்எஸ்பியில் உங்கள் குரல் முகப்பில் காட்டும் எண்ணுக்குக் கீழே கிட்டத்தட்ட 3 கிலோஹெர்ட்ஸ் இடத்தைப் பிடிக்கும். 7.002 என்று காட்டும்போது கதைத்தால் குரலில் ஒரு பங்கு 7.000க்கு வெளியே போய்விடும். 20 மீற்றரின் மேல் எல்லையான 14.350லும் இதே கணக்கு, யூஎஸ்பி என்பதால் மேல்பக்கம் இடம் விடவேண்டும். உங்கள் வகுப்புக்கு எந்தத் துண்டு அனுமதி என்பது உங்கள் அனுமதிப் பத்திரத்தில் இருக்கிறது. பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு முன் ஒருதரம் வாசியுங்கள்.

கடிதத்தின் அடியில், நீங்கள் கூப்பிட்டால் மற்றவர்கள் "தள்ளி நிற்கிறாய்" என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆர்ஐடி, சில செட்டில் கிளாரிஃபையர் என்று போட்ட சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். அது கேட்கும் இடத்தை மட்டும் நகர்த்தும், கதைக்கும் இடம் அப்படியே நிற்கும். தெரியாமல் கை பட்டிருந்தால் உங்களுக்கு அவர் சரி, அவருக்கு நீங்கள் வாத்து. முகப்பில் ஆர்ஐடி என்று எரிந்தால் அணையுங்கள். ஸ்பிளிட் (கேட்பது ஓரிடம், கதைப்பது வேறிடம்) என்று எரிந்தாலும் அணையுங்கள். குமிழ் சுற்றியும் எண் அசையவில்லையா, லாக் பட்டன். செட் செத்ததுபோல் மௌனமா, இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழ் ஏறியிருக்கும், எஸ்எஸ்பியில் அதை முழுவதும் திறந்துவிடுங்கள். சிக்னல் காட்டும் ஊசி மேலே ஏறி நின்றபடி சத்தமே இல்லையா, செட் அலையை உள்வாங்கும் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆர்எஃப் கெயினைக் கூட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இரைச்சல் என்றால் கூரையிலுள்ள சோலரின் சார்ஜரை ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். முன்பு முல்லைத்தீவில் படகு ரேடியோ திருத்திக்கொண்டிருந்தபோது, பழுது என்று வந்த செட்டுகளில் எத்தனையோ இந்தக் குமிழ்களோடு சரியாகித் திரும்பிப் போயின. சும்மா திருப்பிக் கொடுத்தால் சனம் நம்பாது, ஒரு தேத்தண்ணிக் காசாவது வாங்கினால்தான் திருப்தி. அந்த நம்பிக்கையில்தான் 25,000 ரூபாக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

அதே ஆள் இன்னொரு 5,000 தந்தால் செட்டை "திறந்து" எல்லா அலைவரிசையிலும் கதைக்க வைக்கிறேன் என்றாராம். வேண்டவே வேண்டாம். கேட்பதற்கு இந்தச் செட்டுகளில் அநேகமாகப் பூட்டே கிடையாது. பூட்டு இருப்பது அனுப்புவதற்கு மட்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் அனுமதி இல்லாத அனுப்புதலை விளையாட்டாக எடுப்பதில்லை. சட்டத்தை விடுங்கள், இந்த மண்ணில் வோக்கி (வோக்கிடோக்கி) என்ற சொல் எவ்வளவு பாரமாக இருந்தது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பத்திரத்தின் பிரதி ஒன்று எப்போதும் செட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். செட் நாட்டுக்குள் முறையாக வந்ததற்கான கடிதத்தை விற்றவரிடம் கேட்டு வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் ஃபில்டருக்கு முன் அதைத் தேடுங்கள். பரீட்சை இல்லாமல் லைசன்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று அலைகிற தரகர்களும் இருக்கிறார்கள். தம்பி எழுதிப் பாஸ் பண்ணியவர், தப்பிவிட்டார்.

இந்தத் தரகர்கள் முளைப்பதற்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். என் காலத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கொழும்பில் ஒரு அலுவலகத்துக்கு நான்கு தடவை இரவு பஸ் ஏறினேன். தமிழில் படிவம் இல்லை. நான்காவது தடவை கவுண்டரில் இருந்தவர், "போன் இருக்கிறதே, உங்களுக்கு ஏன் இது?" என்றார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையில் போன் செத்துக் கிடந்தபோது செய்தியைக் கொழும்புக்குக் கொண்டுவந்தவர்களில் இந்த அமெச்சூர்க்காரர்களும் இருந்தார்கள் என்று சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார்.

சரி, ஃபில்டர் உண்மையாகவே போயிருந்தால்? அதைக் காசில்லாமல் சோதிக்க வழி இருக்கிறது. இரவில் மத்திய அலையில் பலமாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ் நம் பக்கம் நல்ல பலம். முதலில் ஏஎம்மில் கேளுங்கள். பிறகு அங்கேயே எல்எஸ்பிக்கு மாற்றி 10 ஹெர்ட்ஸ் படியில் திருகுங்கள். ஒரு சீழ்க்கை கேட்கும். திருகத் திருக அது இறங்கித் தடித்து உறுமி மறைந்துபோகும் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் அறிவிப்பாளரின் குரல் இயல்பாகக் கேட்கவேண்டும், முகப்பில் 1053.00 அல்லது அதற்கு 20, 30 ஹெர்ட்ஸுக்குள் ஒரு எண் இருக்கவேண்டும். குமிழைத் தொடாமல் யூஎஸ்பிக்கு மாற்றுங்கள். ஏஎம்மில் இரண்டு பக்கத்திலும் பிரதி இருப்பதால் அங்கேயும் குரல் அப்படியே கேட்கவேண்டும். இரண்டிலும் கேட்டால் உங்கள் ஃபில்டர் நலமாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் மூக்கடைத்தால் எந்தப் பக்கம், முகப்பில் என்ன எண் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். அப்போது மூடியைக் கழற்றுவோம்.