மாட்டு டாக்டரா என்று கேட்கும் பெரியப்பாவுக்கு

மகள் கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள், அண்ணனோ “மாட்டு டாக்டராகவா போகணும், வீட்டை அடமானம் வைத்தாவது எம்பிபிஎஸ் சேர்த்துவிடு” என்கிறார், தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவிப்பு புரிகிறது சார். ஆனால் அண்ணன் சொல்வது தப்பு. அவள் கேட்காத படிப்புக்கு இருக்கிற ஒரே வீட்டை வைக்காதீர்கள்.

அரசு வேலை, பால் பண்ணையெல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாதது, செல்லப்பிராணிகளுக்கான அவசர சிகிச்சை. காய்ச்சல் என்று நினைத்து வீட்டுப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். அதை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். முறிமருந்து உடனே ஏற வேண்டும், சில பூனைகளுக்கு ரத்தமும். அங்கேதான் சிக்கல். பூனை ரத்தத்தில் ஏ, பி, ஏபி என வகைகள் உண்டு. நம் ஓ நெகட்டிவ் மாதிரி எதற்கும் பொருந்தும் வகை கிடையாது. முதல் தடவை என்றால் பொருந்தாத ரத்தத்தையும் நாய் பெரும்பாலும் தாங்கிவிடும். பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் கொஞ்சம் போனாலே உயிர் போகலாம். அதனால் வகை பார்த்து, பொருத்தமும் பார்த்து, நாலு கிலோவுக்கு மேல் எடையுள்ள, நோயில்லாத இன்னொரு பூனைக்கு மயக்கம் கொடுத்துக் கழுத்து ரத்தக்குழாயில் சுமார் 50 மில்லி ரத்தம் எடுப்பார்கள். முதலில் மிக மெதுவாக ஏற்றி, பக்கத்திலேயே நின்று மூச்சு, இதயத்துடிப்பு, உடல் சூடு பார்க்க வேண்டும். இதை எந்த வகையில் சின்ன மருத்துவம் என்பீர்கள்?

மகளிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பூனையை மட்டும் படிக்க முடியாது. ஐந்தரை வருடமும் மாடு, ஆடு, கோழி எல்லாம் வரும். பூனைப் பக்கம் ஒதுங்குவது அப்புறம், எம்விஎஸ்சி என்ற மேற்படிப்பில்தான். இப்போதே பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் கேட்டுச் சில நாள் நிற்கட்டும். பிரசவத்தில் சிக்கிய கன்றை இழுத்தெடுப்பதையும், பிழைக்காத விலங்கை ஊசி போட்டு வலியில்லாமல் சாகவிடுவதையும் பார்த்த பிறகும் ஆசை மாறவில்லை என்றால் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது, பெரியப்பா உட்பட.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அதில் அரசுக் கல்லூரி இடம் கிடைத்தால் சேருங்கள். கிடைக்கவில்லை என்றால் லட்சக்கணக்கில் கேட்கும் இடம் வேண்டாம், தொடக்கச் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிடுங்கள்.