சிரித்தால் ஈறு தெரிகிறது, கல்யாணத்துக்கு முன் போடாக்ஸ் ஊசி போடலாமா?

சிரித்தால் மேல் ஈறு நிறையத் தெரிகிறது, ஐந்து மாதத்தில் கல்யாணம், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஈறு தெரியக் காரணம் உதட்டுத் தசையாக இருந்தால் சரியாகும், இல்லாவிட்டால் காசுதான் போகும். நான் டாக்டர் இல்லை, அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவள்.

ஈறு தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. சிலருக்கு மேல்தாடை எலும்பே நீளமாக வளர்ந்திருக்கும். அதற்கு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். சிலருக்குப் பல் சரியான உயரம்தான், ஆனால் ஈறு கீழே இறங்கிப் பாதிப் பல்லை மூடியிருப்பதால் பற்கள் குட்டையாக, சதுரமாகத் தெரியும். அவர்களுக்கு ஈற்றைக் கொஞ்சம் வெட்டிச் சீராக்கினால் போதும், அது பெரும்பாலும் நிலைத்து நிற்கும். மேலுதட்டைத் தூக்கும் தசைகள் அளவுக்கு மீறி இழுப்பவர்களுக்குத்தான் ஊசி.

நான் போன பல் டாக்டர் ஊசிப் பேச்சையே முதலில் எடுக்கவில்லை. ஒரு குட்டி ஸ்கேலை எடுத்து முன்பல்லை அளந்தார். மேல் முன்பல் சுமார் 10, 11 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம், எனக்கு இருந்தது. பிறகு வாயைச் சும்மா வைத்திருக்கச் சொல்லி ஓர் அளவு, வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லி இன்னோர் அளவு. நாற்காலியில் சாய்த்து வைத்து, முகத்தில் விளக்கை அடித்து, சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? கூட வந்த தங்கை ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்த பிறகுதான் அளக்க முடிந்தது. சிரிக்கும்போது உதடு பொதுவாக 6 முதல் 8 மில்லிமீட்டர் மேலே ஏறும். எனக்கு அதைத் தாண்டி ஏறியது. இப்படி அளந்து பார்க்காமல் உடனே ஊசியை எடுக்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி போடுவது சில நிமிட வேலை. மூக்கு மடலிலிருந்து 1 செ.மீ. பக்கவாட்டில், உதட்டுக் கோட்டிலிருந்து 3 செ.மீ. மேலே பேனாவால் புள்ளி வைத்தார். உதட்டைத் தூக்கும் மூன்று தசைகள் சேரும் இடம் அது. தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் எழுதியதால் அதற்கு யோன்செய் பாயிண்ட் என்றே பெயர். பக்கத்துக்கு இரண்டு மூன்று யூனிட் (இந்த மருந்தை அளக்கும் கணக்கு) போதும். ‘இழு’ என்று நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மருந்து தடுக்கிறது, தசை இழுப்பது குறைகிறது, உதடு பழைய உயரத்துக்கு ஏறுவதில்லை. எறும்புக் கடி மாதிரி ஒரு சுருக், அவ்வளவுதான்.

அன்றைக்கே கண்ணாடியில் தேடாதீர்கள். மூன்று நான்கு நாளில் லேசாகத் தெரியும், இரண்டு வாரத்தில் முழுப் பலன். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பல் சீரமைப்பு டாக்டர் மரியோ போலோ 30 பேருக்குப் போட்டுப் பார்த்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரத்தில் ஈறு தெரிவது சராசரியாக 5.1 மில்லிமீட்டர் குறைந்தது. ஆனால் மூன்று நான்கு மாதம், சிலருக்கு ஆறு மாதம், அப்புறம் தசை பழையபடி இழுக்க ஆரம்பித்துவிடும்.

தொந்தரவு? டம்ளரை அண்ணாந்து குடிப்பதில் ஒன்றுமில்லை. ஸ்ட்ரா வைத்து இளநீர் உறிஞ்சும்போதுதான் உதடு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சூடான காப்பியை ஊதினால் காற்று எங்கெங்கோ போனது. சில வாரத்தில் பழகிவிட்டது. புல்லாங்குழல், நாதஸ்வரம் வாசிப்பவர்கள் இதை யோசிக்காமல் இறங்கக் கூடாது. அளவு கூடினாலோ இடம் தப்பினாலோ ஒரு பக்கம் மட்டும் உதடு தொங்கலாம், அல்லது நடுவில் உதடு அசையாமல் ஓரங்கள் மட்டும் ஏறி ஜோக்கர் சிரிப்பாகிவிடலாம். மருந்தின் வேகம் குறையும் வரை பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அதனால் முகூர்த்தத்துக்கு முதல் வாரம் போடவே கூடாது. உங்களுக்கு ஐந்து மாதம் இருப்பது நல்லதாகப் போயிற்று. இப்போதே ஒரு தடவை குறைந்த அளவில் போட்டு, உங்கள் முகத்தில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். பிடித்திருந்தால் கல்யாணத்துக்கு நான்கு வாரம் முன்பு மறுபடி போடுங்கள். இரண்டாவது வாரம் காட்டி, கூடக்குறைய இருந்தால் சரிசெய்துகொள்ளவும் நாள் இருக்கும். கல்யாண ஆல்பத்துக்கு மட்டும் என்றால் இது நல்ல வழிதான். வருடாவருடம் போட்டுக்கொண்டே இருப்பதென்றால் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயதாக ஆக மேலுதடு தானே கொஞ்சம் இறங்கும் என்பதால் நான் அடுத்து போடவில்லை.

அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மருந்தை 1989-ல் கண் நோய்களுக்கும் 2002-ல் புருவ நடுச் சுருக்கத்துக்கும் அனுமதித்தது. ஈறு தெரியும் சிரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை, டாக்டர்கள் தங்கள் அனுபவத்தில் போடுகிறார்கள். எனவே இதை அடிக்கடி போட்டுப் பழகிய கையாகத் தேடுங்கள், அவர்கள் போட்டவர்களின் முன்பின் படங்களைக் கேளுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற தசைப் பலவீன நோய் உள்ளவர்கள் போடக் கூடாது. ஜென்டமைசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட அன்று அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, பார்லரில் ஃபேஷியலுக்குச் சொல்லியிருந்தால் வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள்.